பயப்படாமல் கொதிக்க விடுங்கள்: லெமன் மெராங் பை சந்தேகங்கள்

போன இதழில் லெமன் மெராங் பை செய்முறை கொடுத்திருந்தேன். தவறவிட்டவர்களுக்காக ஒரு வரியில் சொல்கிறேன்: அடியில் மைதாவும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்ட மொறுமொறு ஓடு, நடுவில் எலுமிச்சைச் சாறும் மஞ்சள்கருவும் கார்ன்ஃப்ளாரும் சேர்த்துக் காய்ச்சிய புளிப்பு இனிப்புப் பூரணம், மேலே வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துப் போட்ட மெராங். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "தண்ணீர் விட்டுவிட்டது அக்கா" என்றே இருந்தன. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ராத்திரி பத்து மணிக்குப் பூரணம் அல்வா மாதிரி கெட்டியாக இருந்தது. காலையில் வெட்டினால் ரசம் மாதிரி ஓடுகிறது. மஞ்சள்கரு திரிந்துவிடும் என்று பயந்து, அதைச் சேர்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன். அதுதான் தவறா? (வாசகி, மதுரை)

அதேதான். கடிதத்திலேயே காரணத்தையும் எழுதிவிட்டீர்கள்.

கேழ்வரகுக் கூழிலோ கஞ்சியிலோ எச்சில் பட்டால் நீர்த்துப் போய்விடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது வெறும் ஆசாரம் இல்லை. எச்சிலில் அமைலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. மாவுச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவதுதான் அதன் வேலை. அதே வகை நொதி முட்டையின் மஞ்சள்கருவிலும் இருக்கிறது. பூரணத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பது கார்ன்ஃப்ளாரின் மாவுச்சத்துதான். நீங்கள் அடுப்பை அணைத்தபோது அந்த நொதி சாகவில்லை. ராத்திரி முழுவதும் உங்கள் பூரணத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது.

அதைச் செயலிழக்க வைக்க ஒரே வழி கொதி. கார்ன்ஃப்ளார், சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் கட்டியில்லாமல் கரைத்து முதலில் காய்ச்சுங்கள். கெட்டியானதும் இரண்டு கரண்டி எடுத்து, அடித்து வைத்த மஞ்சள்கருவில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். அந்தக் கலவையைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றி, கைவிடாமல் கிளறுங்கள். நடுவில் கூழ் கொதிப்பது போலப் பெரிய குமிழி 'பொளக், பொளக்' என்று வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகும் முழுதாக இரண்டு நிமிடம் கிளற வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள், மனக்கணக்கு வேண்டாம். மஞ்சள்கரு திரியாதா என்று கேட்பீர்கள். கார்ன்ஃப்ளார் இருக்கிற வரை திரியாது. மாவுச்சத்து நடுவில் புகுந்து நிற்பதால் முட்டை கட்டி கட்டியாக ஒன்று சேர முடியாது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நாத்தனார் குடும்பம் ஊரிலிருந்து வந்த அன்று, பார்த்துப் பார்த்துச் செய்த பை, தட்டில் குளமாக நின்றது. எனக்கு பேக்கிங் சொல்லிக்கொடுத்தவர் போத்தனூர் ரயில்வே காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது ஒன்றும் பேசாமல் என் கையில் கரண்டியைக் கொடுத்துக் கிளறச் சொன்னார். முதல் குமிழி வந்ததும் வழக்கம்போல என் கை அடுப்புத் திருகுக்குப் போனது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் கழித்துத்தான் விட்டார். அதற்குப் பிறகு என் பூரணம் ஒருநாளும் நீர்த்ததில்லை.

இதோடு சேர்த்து மூன்று விஷயம். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். புளிப்போடு சேர்ந்து வெகுநேரம் கொதித்தாலும் மாவுச்சத்து இளகிவிடும், சாற்றின் மணமும் போய்விடும். சாறும் வெண்ணெயும் கலந்த பிறகு பீட்டர் போட்டு அடிக்காதீர்கள், கரண்டியால் மெதுவாகக் கலந்தால் போதும். ருசி பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விடவே கூடாது. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

கார்ன்ஃப்ளார் என்று கடையில் கேட்டால் மஞ்சளாக ஒரு மாவு கொடுக்கிறார்கள். அதுவா? (வாசகி, ஓசூர்)

இல்லை. அது மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மாவு, ரொட்டிக்கு ஆகும். நமக்கு வேண்டியது சூப்பில் கரைத்து ஊற்றுகிற வெள்ளை மாவு. விரலில் தேய்த்தால் கறக் கறக் என்று இருக்கும். வெளிநாட்டுச் செய்முறைகளில் கார்ன் ஸ்டார்ச் என்று போட்டிருப்பதும் இதுதான்.

அமெரிக்கச் செய்முறையில் மூன்று லெமன் என்று இருக்கிறது. நான் மூன்று எலுமிச்சம்பழம் பிழிந்தேன், புளிப்பே இல்லை. எட்டுப் பழம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? (வாசகர், திண்டுக்கல்)

இரண்டும் வேறு வேறு பழம். அவர்கள் லெமன் என்பது தடித்த தோல், முட்டை வடிவம், நல்ல மஞ்சள் நிறம். ஒரு பழம் பிழிந்தால் 40 மில்லி சாறு வரும். நம் எலுமிச்சம்பழம் சின்னது, தோல் மெல்லியது, ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிதான். புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாகக் குவித்திருப்பார்களே, அந்தப் பழம். தாவரக் கணக்கில் அது லைம் இனம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கீ லைம் பை என்று ஒன்று புகழ்பெற்றது, 2006-ல் அதை அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ பை என்றே அறிவித்தார்கள். அந்தக் கீ லைம் பழமும் நம் எலுமிச்சையும் ஒரே இனம். ஆசியாவிலிருந்து அரபு வணிகர்கள் வழியாக மேற்கே போய், ஸ்பெயின்காரர்களோடு கடல் தாண்டிக் கரீபியத் தீவுகளுக்குப் போன பழம் அது.

அதனால் நம் பழத்தில் செய்வது மட்டம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். மணம் கொஞ்சம் மாறும், எனக்கு நம் பழத்தின் மணம்தான் பிடிக்கும். எண்ணிக்கையைப் பார்க்காமல் சாற்றை அளந்து ஊற்றுங்கள். 9 அங்குலத் தட்டுக்கு வடிகட்டிய சாறு 100 மில்லி, தண்ணீர் 370 மில்லி, சர்க்கரை 250 கிராம், கார்ன்ஃப்ளார் 45 கிராம், வெண்ணெய் 30 கிராம். முட்டை நம் ஊர் அளவில் ஐந்து. அமெரிக்கச் செய்முறையில் நான்கு பெரிய முட்டை என்று இருந்தால் நான் ஐந்து போடுவேன், நாமக்கல் முட்டை அதைவிடச் சற்றுச் சின்னது.

தோல் துருவும்போதுதான் கவனம் வேண்டும். பச்சைக் காயின் தோல் கசக்கும். நன்றாகப் பழுத்து மஞ்சளான பழமாக மூன்று எடுத்து, நிறமுள்ள மேல்தோலை மட்டும் லேசாகத் துருவுங்கள், வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். துருவலைச் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் கசக்கிப் பாருங்கள். சர்க்கரை ஈர மணல் மாதிரி ஆகி, மஞ்சள் ஏறி, அடுப்படி முழுக்க மணக்கும். எசென்ஸ் ஒரு துளி வேண்டாம்.

அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள். புளிப்பு பட்டால் உலோக வாடை ஏறும். எவர்சில்வர் அடிகனமானது போதும்.

மேலே மெராங் அழகாக வந்தது. ஒரு மணி நேரத்தில் மேற்புறம் முழுக்கத் தேன் துளி மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர். வெட்டிப் பார்த்தால் மெராங்குக்கும் பூரணத்துக்கும் நடுவிலும் தண்ணீர், மெராங் வழுக்கிக்கொண்டு தனியாக வருகிறது. ஓடிஜியில் (மேஜையில் வைக்கும் சின்ன மின்சார அவன்) 200 டிகிரியில் வைத்தேன். (வாசகி, சென்னை)

மேலே நிற்கும் தண்ணீரும் கீழே நிற்கும் தண்ணீரும் ஒரே கோளாறு இல்லை. மேலே துளி வந்தால் மெராங் அதிகமாக வெந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைக்கருவின் புரதம் சூட்டில் இறுகி, உள்ளே இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. கீழே தண்ணீர் தேங்கினால் அடிப்பக்கம் வேகவே இல்லை. வேகாத நுரை உடைந்து திரும்பத் தண்ணீராகிறது. உங்களுக்கு ஒரே பையில் இரண்டும் நடந்திருக்கிறது. காரணம், ஆறிய பூரணத்தின் மேல் மெராங்கைப் போட்டு, மேலிருந்து மட்டும் கடும் சூடு கொடுத்திருக்கிறீர்கள். ஓடிஜியின் மேல் ராடு பைக்கு நாலு விரல் தூரத்தில் இருந்திருக்கும்.

பூரணம் ஆவி பறக்கச் சூடாக இருக்கும்போதே மெராங்கைப் போடுங்கள். அந்தச் சூடுதான் அடிப்பக்கத்தை வேக வைக்கும். முதலில் ஓரத்தைச் சுற்றி வைத்து, ஓட்டின் விளிம்போடு ஒட்டும்படி கரண்டியால் அழுத்திவிட்டு, பிறகு நடுவை நிரப்புங்கள். ஓரத்தில் பிடிமானம் இல்லாவிட்டால் மெராங் சுருங்கி உள்ளே போய்விடும். சூட்டை 160 டிகிரிக்கு இறக்கி, நடுத்தட்டில் 18 முதல் 20 நிமிடம் வையுங்கள்.

இது வழக்கமான முறை. ஆனால் சென்னை மாதிரி ஈரக்காற்று அடிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு நான் ஸ்விஸ் முறையைத்தான் சொல்வேன். ஐந்து வெள்ளைக்கரு, பொடித்த சர்க்கரை 150 கிராம், கால் ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. இதை எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, கீழே தண்ணீர் தளதளக்கும் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். ஐந்தாறு நிமிடத்தில் கை பொறுக்காத சூடு வரும். தெர்மாமீட்டர் இருந்தால் 71 டிகிரி. இல்லாவிட்டால் ஒரு துளியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், சர்க்கரை துளியும் நெருடக் கூடாது. கரையாத சர்க்கரையும் பிறகு தண்ணீர் விடும். இறக்கி, பீட்டரால் ஏழெட்டு நிமிடம் அடித்தால் ஷேவிங் கிரீம் மாதிரி பளபளப்பாக நிற்கும். இது ஏற்கெனவே பாதி வெந்தது என்பதால் அவனில் 210 டிகிரியில் நான்கைந்து நிமிடம், மேலே பொன்னிறம் வந்தால் போதும். பக்கத்திலேயே நில்லுங்கள், கண் அசந்தால் கருகிவிடும்.

கிரீம் ஆஃப் டார்ட்டர் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தேடி அலைய வேண்டாம். அது ஒரு புளிப்பு, நுரை உடையாமல் இருக்க உதவும். நம் எலுமிச்சைச் சாறே அதைச் செய்துவிடும்.

வெள்ளைக்கரு எவ்வளவு அடித்தாலும் நுரையே வரவில்லை. (வாசகி, கரூர்)

மஞ்சள்கரு ஒரு பொட்டு விழுந்திருக்கும், அல்லது கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. பிளாஸ்டிக் கிண்ணம் எத்தனை தேய்த்தாலும் பிசுக்கை விடாது. எவர்சில்வர் கிண்ணத்தை எலுமிச்சை மூடியால் ஒருமுறை துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் முட்டையைப் பிரித்துவிடுங்கள், சில்லென்று இருந்தால் மஞ்சள்கரு உடையாது. அரை மணி வெளியில் வைத்துவிட்டு அடியுங்கள்.

எல்லாம் சரியாக வந்தது. ஆனால் மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, கவிச்சி அடிக்கிறது என்று தள்ளிவிட்டார். (வாசகி, கும்பகோணம்)

முட்டைக்குப் பழகாத நாக்குக்கு அந்த வாடை உடனே தெரியும், அவரைக் குறை சொல்ல முடியாது. முதலில் முட்டை புதிதாக இருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் படுத்துக்கொள்கிற முட்டைதான் இதற்கு. நிமிர்ந்து நின்றால் ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்கருவோடு ஒட்டிவரும் வெள்ளை நூலையும் சவ்வையும் எடுத்துவிடுங்கள், காய்ச்சிய பூரணத்தைச் சாறு ஊற்றுமுன் ஒருமுறை வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். மெராங் அதிகமாக வெந்தாலும் கந்தக வாடை வரும். கலக்கிய பாத்திரங்களை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் வெந்நீரில் கழுவுங்கள். நேரே வெந்நீர் ஊற்றினால் முட்டை வெந்து பாத்திரத்திலேயே ஒட்டி, அடுத்த பலகாரத்துக்கும் வாடை போகும். இவ்வளவும் செய்து, மெராங்கில் அரை ஸ்பூன் வெனிலா விட்டு, இன்னொரு முறை அவருக்குக் கொடுத்துப் பாருங்கள்.

முட்டையே இல்லாமல் செய்ய முடியுமா? (வாசகி, காஞ்சிபுரம்)

பூரணம் எளிது. மஞ்சள்கருவை விட்டுவிட்டு கார்ன்ஃப்ளாரை 55 கிராமாக்கி, வெண்ணெயை 50 கிராமாக்குங்கள், நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். மேலே போட, வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் இருக்கிறதே, அதைச் சுண்டவைத்து, ஆறவைத்துச் சர்க்கரையோடு அடித்தால் வெள்ளைக்கரு மாதிரியே நுரைக்கும். ஜோயல் ரோசல் என்ற பிரெஞ்சுக்காரர் 2014-ல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஆனால் அது முட்டை போலச் சூட்டில் இறுகாது, சூடான பூரணத்தின் மேல் போட்டால் உருகி உட்கார்ந்துவிடும். பை முழுக்க ஆறிய பிறகு, பரிமாறுகிற நேரத்தில் மேலே வையுங்கள். அவனில் வைக்க வேண்டாம்.

இது எந்த ஊர்ப் பலகாரம்? (வாசகர், சிவகாசி)

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலிசபெத் குட்ஃபெலோ என்ற பெண்மணி இனிப்புக்கடையும் சமையல் பள்ளியும் நடத்தினார். இந்தப் பையை உருவாக்கியவர் என்று அவரைத்தான் சொல்வது வழக்கம். அவருடைய எலுமிச்சைப் பூரணத்துக்கு மஞ்சள்கரு நிறையப் போகும். மீந்த வெள்ளைக்கருவை வீணாக்காமல் மேலே போட்ட யோசனை என்கிறார்கள். சிக்கனமான கை அது.

ஓடு சுருங்கி, ஓரம் சரிந்து பாதித் தட்டுக்கு வந்துவிடுகிறது. மே மாதத்தில் மாவு பிசையும்போதே வெண்ணெய் உருகுகிறது. (வாசகி, வேலூர்)

வேலூர் வெயிலில் வெண்ணெயைக் கையால் தொடவே கூடாது. உப்பில்லாத வெண்ணெய் 115 கிராமைக் கல்லாக உறையவைத்து, கேரட் துருவுவது போலத் துருவி, 200 கிராம் மைதாவில் போடுங்கள். மைதாவையும் முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முள்கரண்டியால் பிரட்டி, ஐஸ் தண்ணீர் மூன்று நாலு ஸ்பூன் தெளித்து, பிடி கொழுக்கட்டை மாதிரி பிடித்தால் நிற்கும் பதத்தில் நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் கெட்டது, மாவு ரப்பராகிவிடும். சுருங்குவதும் அதனால்தான்.

ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஓய்வு. பூரிக்கட்டையால் தேய்த்துத் தட்டில் பரப்பும்போது இழுத்து நீட்டாதீர்கள், இழுத்த மாவு சூடுபட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். மூலையில் தளர்வாக இறக்கிவிட்டு, மறுபடி அரை மணி ஃப்ரீசரில் வையுங்கள். மேலே பட்டர் பேப்பர் விரித்து, விளிம்பு வரை கொண்டைக்கடலையைக் கொட்டி, 190 டிகிரியில் 20 நிமிடம். கடலையை எடுத்துவிட்டு, இன்னும் 12 முதல் 15 நிமிடம். நடுப்பகுதியும் பிஸ்கெட் நிறத்துக்கு வர வேண்டும். வெளுப்பாக எடுத்தால் பூரணம் ஊற்றியதும் ஊறிவிடும். அந்தக் கடலை இனி சுண்டலுக்கு ஆகாது, ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் இதற்கே பயன்படும். என் டப்பாவில் இருப்பது ஆன்ட்டி கொடுத்த மொச்சை, கருத்து மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. இன்னும் அதைத்தான் போடுகிறேன்.

எங்கள் வீட்டில் அவன் இல்லை, கேஸ் அடுப்பு மட்டும்தான். (வாசகி, பரமக்குடி)

மாரி பிஸ்கெட் 200 கிராம் பொடித்து, உருக்கிய வெண்ணெய் 90 கிராம் கலந்து தட்டில் அழுத்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஓடு தயார். பூரணம் அடுப்பு வேலைதான். மேலே ஸ்விஸ் மெராங். 71 டிகிரி சூடு ஏற்றியிருப்பதால் அப்படியே சாப்பிடலாம். வெள்ளை வெளேர் என்று இருக்கும், அதுவும் அழகுதான்.

அக்கா, நான் கல்லூரி மாணவன். அம்மாவுக்கு லெமன் பிடிக்கும். வருகிற சனிக்கிழமை பிறந்தநாள், மாலை ஆறு மணிக்கு வெட்ட வேண்டும். முந்தின நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

வேண்டாம் தம்பி. ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்தால் மெராங் வியர்க்கும், ஓடு நமுத்துப் போகும். செய்த அன்றே சாப்பிட வேண்டிய பலகாரம் இது.

வெள்ளிக்கிழமை ராத்திரி மாவை மட்டும் பிசைந்து வையுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஓட்டைச் சுட்டு எடுத்துவிடுங்கள். பதினொன்றரைக்கு முட்டையைப் பிரித்து, பழம் பிழிந்து, எல்லாவற்றையும் அளந்து மேடையில் வரிசையாக வையுங்கள். நடுவில் எதையும் தேடக் கூடாது. ஸ்விஸ் முறையில் முதலில் மெராங்கை அடித்துத் தயாராக வைத்துக்கொண்டு, உடனே பூரணத்தைக் காய்ச்சுங்கள். குமிழி வந்த பிறகு இரண்டு நிமிடம். கூட ஒரு நண்பர் இருந்தால் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக ஓட்டில் ஊற்றி, மேலே மெராங் போட்டு, நிறம் வந்ததும் எடுத்து, மின்விசிறிக்கு நேராக இல்லாமல் மேஜையில் வைத்துவிடுங்கள். ஒரு மணிக்கு முடிந்தால் ஆறு மணிக்குள் நன்றாக ஆறி, இறுகியிருக்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போது வெட்டினால் ஓடத்தான் செய்யும், பொறுமையாக இருங்கள்.

கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் அப்படியே. முதல் துண்டு தட்டிலிருந்து முழுதாக வராது, யாருக்குமே வராது. அதை நீங்கள் எடுத்துக்கொண்டு, இரண்டாவது துண்டை அம்மாவுக்குக் கொடுங்கள்.